முதல் பேட்: அன்று தெருவுக்கு ஒன்று, இன்று ஆளுக்கு ஒன்று

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிரிக்கெட் ஆடாத தெருவே கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு ஊர்களிலும் பேட் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆனால் எந்த பேட் நல்ல பேட் என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒரு அண்ணன் இருந்தார். இன்று பேட் வீட்டு வாசலுக்கே வருகிறது. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. புதிதாக ஆட வரும் பிள்ளைக்கு இந்த மாற்றம் கொடுத்தது நிறைய. அது எடுத்துக்கொண்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோல்ஃப் ஆடுபவர் பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரத்துக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, குழிக்குள் உருட்ட ஒன்று என்று மாற்றி மாற்றி எடுப்பார். கிரிக்கெட் ஆடும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. எந்தப் பந்து வந்தாலும் கையில் இருப்பது ஒரே பேட். அதனால் முதல் பேட் சரியாக அமைவதில்தான் பிள்ளையின் ஆட்டமே இருக்கிறது.

செதுக்கிய காலம்

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். அதற்கு முந்தைய தென்னாற்காடு மாவட்ட நாட்களில், பெரும்பாலான பையன்களின் முதல் பேட் கடையைப் பார்த்ததே இல்லை. விழுந்து கிடக்கும் தென்னை மட்டையின் அகன்ற அடிப்பகுதியை வைத்துக்கொண்டு, மேல்பாதியை அரிவாளால் கைக்கு அடங்கச் செதுக்குவார்கள். விக்கிரவாண்டி, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பனை மட்டை. அதன் இரண்டு ஓரத்துக் கருக்கையும் சுத்தமாகச் சீவாவிட்டால் முதல் அடியிலேயே உள்ளங்கை கிழியும். பச்சை மட்டை கனக்கும். காய்ந்தால் லேசாகும், ரப்பர் பந்து பட்டதும் நாராகப் பிளக்கும். அதனால் என்ன, மறுநாள் வேறொரு மட்டை விழும்.

அடுத்த படி, தச்சுப் பட்டறை. மீந்துபோன பூவரசுப் பலகையோ வேப்பம் பலகையோ கிடைத்தால், தச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பேட் இழைத்து வாங்கிவிடலாம். பார்வைக்கு அசல் பேட்டாகவே இருக்கும். பந்து பட்டால்தான் வித்தியாசம் தெரியும். கடை பேட்டின் கைப்பிடி பிரம்பால் ஆனது. பிரம்புப் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டி, ஆப்பு வடிவில் சீவி, அடிக்கும் பலகைக்குள் இறக்கிப் பசை போட்டிருப்பார்கள். பந்தின் அதிர்ச்சியை அந்தப் பிரம்பு வாங்கிக்கொள்ளும். தச்சர் இழைத்த பேட்டில் கைப்பிடியும் பலகையும் ஒரே கட்டை. வேகப் பந்து அடியில் பட்டால் முழங்கை வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் விண்ணென்று தெறிக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் இழுத்து மாட்டியது அந்த வலிக்குக் கண்ட மருந்துதான்.

வசூல் பேட்

அசல் பேட் வேண்டுமென்றால் தெருவே சேர்ந்தாக வேண்டும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் முன்னால் வசூல் தொடங்கும். ஐந்து ரூபாய் கொடுத்தவன், பத்து ரூபாய் கொடுத்தவன், அப்புறம் தருகிறேன் என்றவன், எல்லோருக்கும் நோட்டில் கணக்கு. விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ புத்தகமும் நோட்டும் விற்கும் கடைகளில் ஒன்றிரண்டு பேட் தொங்கும். அதில் தேறவில்லையென்றால் சென்னைதான். மீட்டர்கேஜ் ரயிலேறி எழும்பூரில் இறங்கினால், நடக்கும் தொலைவில் பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகள்.

அந்தப் பயணத்துக்கு எல்லோரும் போக முடியாது. கல்லூரி அணிக்கு ஆடியவரோ ரயில்வே ஆட்டங்களில் ஆடிப் பழகியவரோ, விஷயம் தெரிந்த அண்ணன் ஒருவர் போவார். அவர் வாங்கும் விதமே தனி. பலகையில் ஓடும் கோடுகள் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடுகின்றனவா என்று முதலில் பார்ப்பார். கைப்பிடியைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்து, கோணல் இருக்கிறதா என்று நோட்டம் விடுவார். ஒரு பந்தை வாங்கிப் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் பந்து தானாகத் துள்ளுகிறதோ, எந்த இடத்தில் கை அதிராமல் இருக்கிறதோ, அங்கேதான் பேட்டின் உயிர். வரிசையாகப் பல பேட்டைத் தட்டிவிட்டு ஒன்றை எடுப்பார். ஊர் வந்ததும் ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, படுக்க வைத்து ஊறவிட்டு, பழைய பந்தால் நாள்கணக்கில் தட்டிப் பதம் பண்ணுவார். அதுவரை ஒருவரும் அந்த பேட்டைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் சுற்றி உட்கார்ந்து பார்த்த சிறுவர்களுக்குப் பாடம் இலவசம். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், கோடு நேராக இருக்க வேண்டும் என்பதும், ஈரத்தில் பேட்டை வைக்கக்கூடாது என்பதும், கார்க் பந்தில் அடித்தால் நல்ல பேட் வீணாகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. விரிசல் விட்டால் பசை விட்டு நூல் சுற்றிக் கட்டவும் தெரிந்தது.

ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வசூல் பேட் எப்போதும் முழு அளவு பேட்டாகவே இருக்கும். பத்து வயதுப் பையனுக்கு அது நெஞ்சு உயரம். கைப்பிடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, தூக்க முடியாமல் தூக்கி, குறுக்கே வீசுவான். நேராக ஆடும் பழக்கம் வராமலே வளர்ந்தவர்கள் பலர். சொந்தமாக பேட் வைத்திருந்தவன் வைத்ததே சட்டம். முதல் காஜி அவனுக்குத்தான், அவுட்டானால் கோபித்துக்கொண்டு பேட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். காசு கொடுக்க முடியாதவன் ஃபீல்டிங்கிலேயே நின்றான். ஊர்த் தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம் என்று பிரிந்திருந்த கிராமங்களில் பேட்டும் பிரிந்தே இருந்தது. பெண் பிள்ளைகள் அந்த வசூல் நோட்டில் இடம்பெறவே இல்லை.

ஸ்டிக்கர் வந்த பிறகு

1983 உலகக் கோப்பை வெற்றியும், அதன்பின் வீடு வீடாக ஏறிய தொலைக்காட்சியும் ஆட்டத்தை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதுவரை வானொலியின் தமிழ் வர்ணனையில் காதால் ஆட்டம் பார்த்தவர்கள், இப்போது டெண்டுல்கரின் பேட்டைக் கண்ணால் பார்த்தார்கள். 1990-களின் இரண்டாம் பாதியில் அந்த பேட்டில் எம்.ஆர்.எஃப். எழுத்து ஏறியது. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் நம் ஊர்ச் சிறுவர்களின் பேட்டிலெல்லாம் அதே எழுத்து. ஸ்டிக்கரைத் தனியாகவே வாங்கலாம். தச்சர் இழைத்த வேப்பம் பலகையில்கூட ஒட்டிக்கொண்டார்கள்.

எம்.ஆர்.எஃப். டயருக்குப் பெயர் பெற்ற நிறுவனம். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி வளர்ந்தது. பேட்டின் முகத்தில் இருக்கும் பெயர் விளம்பரம் செய்பவரின் பெயர்; மரத்தை இழைத்தவர் வேறு ஆளாக இருக்கலாம். அந்த நாளில் இதை யாரும் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்து வாங்கிய கண், அன்று முதல் எழுத்தைப் பார்த்து வாங்கத் தொடங்கியது. என் கணக்கில் பெரிய மாற்றம் இணையத்தில் தொடங்கவில்லை, இந்த ஸ்டிக்கரில்தான் தொடங்கியது.

இந்தியாவில் பேட் இழைக்கும் கைகள் பெரும்பாலும் மீரட்டிலும் ஜலந்தரிலும் காஷ்மீரிலும் இருக்கின்றன. பிரிவினைக்கு முன் இந்தத் தொழிலின் தலைநகரம் சியால்கோட். 1947-ல் அங்கிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டன. 1931-ல் சியால்கோட்டில் தொடங்கிய எஸ்.ஜி. நிறுவனம் அப்படி மீரட்டுக்கு வந்ததுதான். எஸ்.எஸ். என்ற பெயரில் விற்கும் சரீன் நிறுவனம் 1969-ல் மீரட்டிலேயே தொடங்கியது. காஷ்மீரில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் சாலையில் சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் போனால், இரு புறமும் வில்லோ மரத் துண்டுகள் அடுக்கி அடுக்கிக் காய்வதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் கையிலிருக்கும் பேட்டில் பெரும் பங்கு இந்த மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கும்.

விரல் நுனியில் கடை

இன்று திண்டிவனத்துப் பையன் பேட் வாங்கச் சென்னைக்கு ரயிலேற வேண்டாம். கைபேசியில் தேடினால் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். பிளாஸ்டிக் பேட் சில நூறு ரூபாய். காஷ்மீர் வில்லோ டென்னிஸ் பேட் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம். இங்கிலீஷ் வில்லோ ஆறாயிரம் பக்கம் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டும். அன்று கனவிலும் கிடைக்காத ஒன்று இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது: பிள்ளைகளுக்கென்று தனி அளவு. 1-ல் தொடங்கி 6 வரை எண்கள், அதற்கு மேல் ஹாரோ, அதற்கும் மேல் முழு அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் கைக்கேற்ற பேட் கிடைப்பது இந்தத் தலைமுறைக்கு வாய்த்த பெரிய வரம்.

அந்த வரத்தைத்தான் நாம் வீணடிக்கிறோம். பள்ளிச் சீருடையை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத் தொளதொளவென்று தைப்பதுபோல், "வளர்ற பையன்தானே" என்று சொல்லி இரண்டு அளவு பெரிய பேட்டை வாங்கிக் கொடுக்கிறார்கள். சீருடை தொளதொளத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பேட் பெரிதானால் ஆட்டமே கோணும். கனமான பேட்டைத் தூக்க அடிக்கை பலம் போடும், மேல்கை சும்மா இருக்கும். பேட் நேராக இறங்காமல் குறுக்கே வரும். வீட்டில் காசு செலவழித்து, அன்றைய வசூல் பேட்டின் அதே கோளாறை மறுபடி வாங்குகிறோம். டெண்டுல்கரே அண்ணன் அஜித்தின் பெரிய பேட்டைச் சிறுவயதில் பிடித்து ஆடியதால்தான் கைப்பிடியின் அடியில் பிடிக்கும் பழக்கம் தனக்கு வந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பிடியோடு அவர் வென்றது அவருடைய திறமை. அதை மற்ற பிள்ளைகளுக்கு வழியாகக் காட்ட முடியாது.

இரண்டாவது குழப்பம் மரத்தில். மலிவு விலையில் "பாப்புலர் வில்லோ" என்று எழுதி விற்கும் பேட்டுகள் பல, பாப்ளர் என்ற வேறொரு மரத்தால் ஆனவை. வில்லோவின் நெகிழ்ச்சி அதற்குக் கிடையாது. வாசலில் ரப்பர் பந்து ஆடும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும், குறையில்லை. பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு வில்லோ என்று நினைத்து அதை வாங்கிக் கொடுத்தால்தான் ஏமாற்றம்.

மூன்றாவது குழப்பம் பந்தில். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்குள். தோல் பந்து சுமார் 160 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. டென்னிஸ் பந்துக்கென்று முதுகைக் குடைந்து லேசாக்கிய பேட்டால் தோல் பந்தை அடித்தால் சீக்கிரமே விரிசல் விடும். ஏரிப் படுகையில் டென்னிஸ் பந்து ஆடுகிறவன் விலை உயர்ந்த இங்கிலீஷ் வில்லோ வாங்கினால் அந்தப் பணத்துக்கு வேலையே இல்லை. டென்னிஸ் பந்து ஆட்டத்தை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த நடராஜன் 2020-ல் இந்தியாவுக்கு ஆடினார். டென்னிஸ் பந்துக்கென்றே 2024-ல் ஐ.எஸ்.பி.எல். என்ற போட்டி தொடங்கி, சென்னை பெயரிலும் ஓர் அணி ஆடுகிறது. எந்தப் பந்தில் ஆடப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு பேட் வாங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

அண்ணன் இல்லாத வீட்டுக்கு

தெரு அண்ணன் பார்த்துச் சொன்னதை இன்று அப்பாவோ அம்மாவோ பார்த்துச் சொல்லலாம். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

முதலில் உயரம். நாலரை அடிப் பிள்ளைக்கு ஏறத்தாழ 3-ஆம் எண், ஐந்தடியைத் தொட்டால் 5-ஆம் எண், ஐந்தடி ஏழு அங்குலத்தைத் தாண்டிய பிறகுதான் முழு அளவு. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்பதால் பிள்ளையையே நிற்க வைத்துப் பார்ப்பது நல்லது. செருப்போ ஷூவோ போட்டு, ஆடும் நிலையில் நின்று, பேட்டின் அடியைக் கால் விரலருகே ஊன்றினால், கைப்பிடி நுனி இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்.

அடுத்தது கனம். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டும், இடக்கை ஆட்டக்காரர் வலக்கையால் மட்டும் பேட்டைத் தூக்கி முன்னால் நீட்டிப் பிடிக்கட்டும். மெதுவாகப் பத்து எண்ணுவதற்குள் மணிக்கட்டு நடுங்கினால் அந்த பேட் வேண்டாம். தராசு காட்டும் எடையைவிட, தூக்கும்போது கைக்கு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு பேட்டில் ஒன்று இறகாகவும் மற்றது இரும்பாகவும் தோன்றும். எடை பலகையில் எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் காரணம். வலைதளப் படத்தில் இது தெரியாது. எண்ணையும் விலையையும் கைபேசியில் பாருங்கள், பேட்டைக் கடையில் போய்த் தூக்கிப் பாருங்கள்.

மூன்றாவது மரம். புதிதாகத் தோல் பந்து ஆடத் தொடங்கும் பிள்ளைக்குக் காஷ்மீர் வில்லோ போதும். இங்கிலீஷ் வில்லோ மென்மையானது, பந்து நன்றாகப் போகும். அதை நாள்கணக்கில் தட்டிப் பதம் பண்ணாவிட்டால் சீக்கிரமே ஓரம் பிளக்கலாம். பிள்ளை ஆண்டுக்கு இரண்டு அங்குலம் வளரும் வயதில் அவ்வளவு பணத்தை அதில் போட வேண்டிய அவசியமில்லை. தடித்த ஓரத்தைக் காட்டி விற்பார்கள். 2017 அக்டோபர் முதல் ஓரத்தின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஆட்ட விதியே வரம்பு கட்டியிருக்கிறது. அகலம் நாலேகால் அங்குலம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து மாறாத கணக்கு. 1771-ல் ஒருவர் ஸ்டம்பையே மறைக்கும் அகலத்தில் பேட் கொண்டுவந்ததால் கட்டிய வரம்பு அது. தடித்த ஓரம் நாட்டுக்காக ஆடுகிறவருக்குப் பயன்படும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கனம்.

ஸ்டிக்கரைக் கடைசியாகப் பாருங்கள். பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

புதிதாகத் திறந்த கதவு

இன்றைய மாற்றத்தில் நான் முழு மனதோடு கொண்டாடுவது ஒன்று உண்டு. பேட் கேட்டு வரும் பெண் பிள்ளைகள். 2023-ல் பெண்களுக்கான பிரீமியர் லீக் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் தமிழ்நாட்டின் 16 வயதுக் கமலினியை மும்பை அணி 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. 2025 நவம்பரில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையையே வென்றது. புதுச்சேரியை ஒட்டிய துத்திப்பட்டு மைதானத்தில் முதல்தர ஆட்டங்கள் நடக்கின்றன. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். வசூல் நோட்டில் பெயரில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பெண்களின் மகள்கள் இன்று தங்களுக்கான எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். "பொண்ணுக்கு எதுக்குங்க கட்டை பேட், பிளாஸ்டிக்கே போதுமே" என்று எந்தக் கடைக்காரரும் சொல்லக்கூடாது. அவளையும் நிற்க வைத்து, அளந்து, தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அன்று பேட் குறைவு, அதை அறிந்தவர் அருகிலேயே இருந்தார். இன்று பேட் நிறைய இருக்கிறது, அறிந்தவர் தெருவை விட்டுப் போய்விட்டார். இரண்டையும் சேர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, பேட் பிடித்துப் பார்க்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நேருஜி சாலைக் கடைக்காரர்கள் உயரத்துக்கேற்ற எண் பட்டியலைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டலாம். பயன்படுத்திச் சிறிதாகிப்போன பேட்டை எடைக்குப் போடாமல் அடுத்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது பேட் கேட்டால், பெட்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையைக் கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துப் போங்கள். அளவை முதலிலும் கனத்தை அடுத்தும் மரத்தை அதன் பிறகும் பார்த்து வாங்குங்கள்.